பூங்காவனக் காட்சியில் நான் வெட்டிய வரிகள்

மகனே,

கடிதம் என்றால் 'நான் நல்ல சுகம்' என்று தொடங்குவதுதான் எனக்குப் பழக்கம். இன்று அந்த வரியை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் வெட்டிவிட்டேன். நான் சுகமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உனக்குச் சொன்னது பொய். "சின்ன ஒப்பரேஷன் தம்பி, ரெண்டு மூண்டு நாளிலை வீட்டை வந்திடுவன்" என்றேன். நீ உடனே "நான் வரட்டே அப்பா?" என்று கேட்டாய். "உனக்கென்ன விசரே? இதுக்குப்போய் ட்ரொண்ட்ஹைமிலை இருந்து வாறதே? வேலையைப் பார்" என்று சிரித்தேன். வருகிற புதன்கிழமை காலை என் நெஞ்செலும்பை வெட்டித் திறந்து, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, அடைபட்டுப்போன மூன்று குழாய்களுக்கு மாற்று வழி போடப் போகிறார்கள். அதற்கு வேண்டிய நாளத்தை என் காலிலிருந்தே எடுப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. இதை உனக்கு எழுத எனக்கு ஐம்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது.

அம்மா வேலைக்குப் போய்விட்டார். நான் சமையலறை மேசையில் இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே, ஒஸ்லோவின் இந்தப் புருசெத்தில், மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் பேர்ச் மரங்கள் இலையெல்லாம் கொட்டி நிற்கின்றன. அறுவைக்கு முதல் நாளும் அன்று காலையும் தேய்த்துக் குளிக்க ஒரு சவர்க்காரத் தண்ணீர் தந்திருக்கிறார்கள். அந்தப் போத்தலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் குளியலறைத் தட்டின் பின்பக்கம் ஒளித்து வைத்தேன். அம்மா எடுத்து முன்னுக்கு வைத்தார். திரும்பவும் ஒளித்தேன். இப்படியொரு வீரன் உனக்குத் தகப்பன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நாடி பிடித்துப் பார்க்கிறேன். பேனை பிடித்த கை வேர்த்து எழுத்து அழிகிறது, குறை நினைக்காதே. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்றும் தெரியும். பொறுமையாக வாசி. உன்னுடைய நோர்வேஜிய மொழி என்னைப் படுத்தின பாட்டுக்கு இது காணாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் நான் கட்டில் தள்ளுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலையில் நான் என்ன சொல்வேன் என்பது உனக்குத் தெரியாது. வார்டிலிருந்து அறுவைக் கூடத்துக்கு ஆளைக் கொண்டுபோகும்போது, மின்தூக்கிக்குள் ஏறியதும், 'தெ கோர் பிரா' என்பேன். எல்லாம் நல்லபடி நடக்கும். முகத்தைப் பார்க்காமலே சொல்வேன். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேருக்குச் சொல்ல வேண்டிய வசனம், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றால் வேலை நடக்காது. போன வருடம் ஒரு முதியவர், கப்பலில் வேலை செய்தவர், இரண்டு கைகளிலும் பச்சை குத்தியிருந்தார். மின்தூக்கிக்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். நோர்வேக்காரர் வாயில் அது லேசில் வராது. நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் கையை விடவில்லை. கடவுள் உங்களோடு இருக்கிறார், பயப்படாதீர்கள் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "அவருக்கென்ன, அவர் கடவுள். அவருக்குப் பயம் வந்திருக்காது" என்றார். கதவு திறந்தது, தள்ளிக்கொண்டு போனேன். அந்த மனிதர் சுகமாகத் திரும்பி வந்தார், நான்தான் வார்டுக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் அப்படி வருவதில்லை. கீழ்த்தளத்துக்குப் போகிற மற்ற மின்தூக்கியும் எனக்குத் தெரியும், அதிலும் நான் கட்டில் தள்ளியிருக்கிறேன். அதுதான் எனக்கு வினை. ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது உன் முதுகலை ஆய்வை இந்த மேசையில் வைத்து, "நேரம் இருந்தாப் பாருங்கோ அப்பா" என்றாய். "உந்த நூற்றிப்பத்துப் பக்கத்தையும் ஆர் வாசிக்கிறது?" என்று பகிடி விட்டேன். நீ உன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். நான் வாசித்தேன் மகனே. உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மார்கழி முடிந்த கையோடு தொடங்கி, நிலக்கீழ் ரயிலில் வேலைக்குப் போகும்போது அரைப் பக்கம், வரும்போது அரைப் பக்கம், மடியில் அகராதியுடன். ஆதிக் கிறிஸ்தவர்கள் முந்நூறு நானூறு வருடமாக, மீட்பர் கடவுளா மனிதனா, இரண்டும் என்றால் எப்படி இரண்டும் என்று அடிபட்ட கதை. சில வசனங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. முன்னுரையை மட்டும் விட்டுவிட்டேன். முன்னுரையில் பேராசிரியர்களுக்கு நன்றி சொல்வார்கள், அதில் எனக்கென்ன என்று நினைத்தேன். மூன்று கிழமைக்கு முன் இதயக் குழாய்ப் பரிசோதனை முடிந்து, அசையாமல் படுத்திரு என்று விட்டுவிட்டுப் போனார்கள். வாசிப்பதற்குப் பையில் அது ஒன்றுதான் இருந்தது. முன்னுரையின் தொடக்கத்தில் இரண்டு வசனம். 'பதினைந்து வயதில், பயமே இல்லாத ஒரு கிறிஸ்துவாக நடிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. இந்த ஆய்வு அந்த மண்டபத்தில் தொடங்கியது.' சொல்லப்பட்டது என்று எழுதியிருந்தாய். யார் சொன்னது என்று எழுதாமல் விட்டிருந்தாய். தாதி வந்து, ஏன் இதயத் துடிப்பு இப்படி ஓடுகிறது என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். இப்போது எனக்கும் முழுதாக நினைவிருக்கிறது. தவக்காலம். கோயில் மண்டபத்து வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. நம் தமிழ்ச் சனத்தின் திருப்பாடுகளின் காட்சிக்கு நான்தான் அண்ணாவியார், நாடகம் பழக்கியதும் நான், வசனம் எழுதியதும் நான், கத்துவதும் நான். நீ ஆண்டவர். பூங்காவனக் காட்சியில், அவர் பிடிபடப்போகிற அந்த இரவில், கல்லாக வைத்த அட்டைப் பெட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு, இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று தகப்பனிடம் மன்றாடும் வரிகளைத் தொடங்கினாய். மூன்றாவது வரியில் உன் குரல் உடைந்தது. கைகள் நடுங்கின. உண்மையான கண்ணீர் வந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலரும் கோப்பியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேடைக்கு ஏறினேன்.

"நிப்பாட்டு! ஆண்டவர் உப்பிடி நடுங்கமாட்டார். அவருக்கு முடிவு தெரியும்."

"அவருக்குப் பயமா இருந்ததெண்டுதானே அப்பா எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கும். அது எங்களுக்காக. அவர் மனுசரைப்போலை காட்டினவர், அவ்வளவுதான். நிமிர்ந்து நில்!"

உன் தோள் இரண்டையும் பிடித்து நிமிர்த்தினேன். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து அந்த நான்கு வரிகளையும் வெட்டி, மேலே 'எல்லாம் அறிந்தவர் அமைதியாக நிற்கிறார்' என்று எழுதினேன். மனிதரைப்போலக் காட்டினார் என்று சொன்னவர்களை ஆதித் திருச்சபை வெளியே தள்ளியது என்பதை உன் முப்பத்தோராம் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். அப்படித் தீர்த்த ஆயர் சங்கங்கள் இன்றைக்குக் கூடினால், புருசெத்தில் ஒரு கள்ளப் போதகன் இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தான் என்று என்னைப் பிடித்திருப்பார்கள்.

எனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் வளர்ந்த மன்னார்க் கரையில், பாடுகளின் காட்சியில் யூதாசுக்கு ஆள் உண்டு, பிலாத்துவுக்கு ஆள் உண்டு, ஆண்டவருக்கு மட்டும் ஆள் கிடையாது. பாவியான மனிதன் அவருடைய வேடத்தைக் கட்டக்கூடாது என்பார்கள். ஆளளவு உயரத்தில் ஒரு மரச் சுரூபம், கழுத்திலும் தோளிலும் மூட்டு வைத்தது. உடக்கு என்று பெயர். பத்தொன்பது வயதில் மேடைக்குக் கீழே குந்தியிருந்து அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தவன் நான். நான் கயிற்றை விட்டால்தான் ஆண்டவர் தலை சாய்ப்பார். மேலே சனம் குழறி அழும். சுரூபத்தின் முகம் பூங்காவனத்திலும் அதே முகம், சிலுவையிலும் அதே முகம். அந்த முகம்தான் எனக்குக் கடவுளின் முகம். ஒஸ்லோவில் சுரூபம் இல்லை, நீ இருந்தாய்.

பெரிய வெள்ளிக்கு முதல் ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. நீ அசையாமல் நின்றாய். முடிந்ததும் எத்தனை பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள். "என்ன கம்பீரம்! சுரூபம் மாதிரியெல்லோ நிண்டவன் பெடியன்!" நான் பூரித்துப்போனேன். நீ கழிவறையில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாய். வெறும் வயிற்றோடு நின்றதால்தான் என்று சொல்லிவிட்டேன். மூன்று கிழமைக்கு முன், அந்த முன்னுரையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த மாரிகாலம் முழுக்க, உன்னைவிடப் பெரிய நான்கு பெடியன்கள் ரயில் நிலையத்தில் உனக்காகக் காத்து நின்றார்களாம். ரயில் மேடையின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய், ஒரு நாளைக்குக் கீழே தள்ளி விழுத்துவோம் என்றார்களாம். நீ ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிப் பனிக்குள்ளால் நடந்து வந்தாயாம். நனைந்த சப்பாத்தோடு வந்ததற்கு நான் உன்னை ஏசியது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் நனைந்தது என்று நான் கேட்டதாக நினைவில்லை. "அப்பாட்டைச் சொல்லாதைங்கோ. பயப்பிடக்கூடாது, நிமிர்ந்து நில் எண்டுவார்" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாயாம். நான் சொல்லியிருப்பேன்தான். நான் இல்லாத நேரம் பார்த்து அம்மாதான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதைத்து அதை நிறுத்தியிருக்கிறார். நாடக மேடையில் நீ நடுங்கியது நடிப்பு இல்லை. அந்த மண்டபத்தில்தான் உனக்கு நடுங்க ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. அதையும் நான் சிவப்புப் பேனையால் வெட்டினேன். மன்னித்துக்கொள் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

இனி நான் உன் ஆய்வை விளங்கிக்கொண்டேனா என்று பார். பிழையென்றால் திருத்து. முதலில் அலெக்சாந்திரியாவில் ஒரு குரு, மகன் தகப்பனால் படைக்கப்பட்டவர், அவருக்கு ஒரு படி கீழே என்கிறார். நிசேயாவில் ஆயர்கள் கூடி, இல்லை, தகப்பன் எதுவோ மகனும் அதுவே என்று தீர்க்கிறார்கள். அது முடிந்தது என்று பார்த்தால், வென்ற பக்கத்திலிருந்தே ஒரு ஆயர் எழும்புகிறார். மகன் முழுக் கடவுள் என்றால் அவருக்குள் மனித மனம் எதற்கு, அது தடுமாறும், பயப்படும். ஆகவே உடம்பு மட்டும் எங்களுடையது, மனம் இருக்க வேண்டிய இடத்தில் கடவுளின் வார்த்தை, அதாவது கடவுளே, இருந்தது என்கிறார். அந்தப் பக்கத்தை நான் நான்கு நாள் வாசித்தேன். அந்த ஆயர் கெட்டவர் இல்லை, பக்தி கூடிப்போனவர். அவருடைய கிறிஸ்துவை எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே மனிதன், உள்ளே இருந்து வேறொருவர் கயிறு இழுக்கிறார். திருச்சபை அதை ஒத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் உள்ளதில் எதை அவர் எடுத்துக்கொள்ளவில்லையோ, அது சுகப்படாமலே கிடக்கும் என்று வாதாடினார்கள். பயப்படுகிற இடம் மனம்தானே. அதை அவர் எடுக்கவில்லை என்றால் எங்கள் பயம் அவருக்கு வெளியே, அநாதையாகக் கிடக்கும். பிறகு கல்செதோனில் திரும்பவும் கூடி, முழுக் கடவுள், முழு மனிதன், இரண்டையும் கலக்கவும் கூடாது பிரிக்கவும் கூடாது என்று முடிவு கட்டினார்கள். அதை ஏற்காமல் முழுச் சபைகளே பிரிந்து போயின. இன்றும் பிரிந்துதான் இருக்கின்றன.

அதற்கு இருநூறு வருடம் கழித்து வருகிற அந்த முதிய துறவியைப் பற்றிய பக்கத்தை வாசித்து, நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். கிறிஸ்துவுக்கு ஒரே விருப்பம்தான், அது கடவுளின் விருப்பம் என்று அரசன் சொல்லச் சொல்கிறான். துறவி மாட்டேன் என்கிறார். மனிதனாகவும் அவருக்கு ஒரு விருப்பம் இருந்தது, அது சாவைக் கண்டு பின்வாங்கியது, பூங்காவனத்தில் அவர் மன்றாடியதைப் பாருங்கள் என்கிறார். எண்பது வயதுக் கிழவரின் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோப்பி குடித்துக்கொண்டே வெட்டிய நான்கு வரிகளுக்காக ஒருவர் நாக்கைக் கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் நான் படித்ததைக் காட்டுவதற்காக எழுதவில்லை. புதன்கிழமை எனக்கு இது வேண்டும். அந்தக் கட்டிலில் படுத்து, இருபது வருடம் தள்ளிக்கொண்டு போன ஆஸ்பத்திரி நடைபாதை வழியாக, கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நான் போகப் போகிறேன். சாவுக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நான் கும்பிட்ட அந்த மரமுகம்தான் கடவுள் என்றால், அந்த மின்தூக்கிக்குள் நான் தனி. நடுங்காத ஒருவர் நடுங்குகிறவனுக்குத் துணை இல்லை. கப்பல்காரர் சொன்னது சரி. நீ எழுதியது சரியாக இருந்தால் மட்டும்தான், அந்த ஆயர்கள் அடிபட்டு நின்றது சரியாக இருந்தால் மட்டும்தான், எனக்கு முன்னால் அங்கே ஒருவர் வேர்த்து வழிந்துகொண்டு இருந்திருக்கிறார். முடிவு தெரிந்தும் பயந்திருக்கிறார். அவர் தன் கூட்டாளிகளிடம் கொஞ்ச நேரம் தூங்காமல் கூட இருக்கச் சொல்லிக் கேட்டதை நான் எத்தனை வருடம் மேடையேற்றினேன். கடவுள் ஏன் கூட்டாளிகளைக் கேட்டார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வருகிற கோடையில் உனக்குக் கலியாணம். தகப்பன் புத்தி சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது, ஆகவே ஒன்று சொல்கிறேன். உன் பிள்ளை ஒரு நாள் நனைந்த சப்பாத்தோடு வரும். சப்பாத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார். ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அவசரப்பட்டுச் சொல்லாதே, அது தள்ளுகிறவனுக்கு ஆறுதல், படுத்திருக்கிறவனுக்கு இல்லை. உனக்குப் பயம் வந்தால் அதையும் பிள்ளை பார்க்கட்டும். நான் உனக்குக் காட்டாமல் ஒளித்த பயங்கள் எல்லாம், பயப்படாத ஒரு தகப்பனை உனக்குத் தந்தன. அந்தத் தகப்பனிடம்தான் நீ ஒன்றையும் சொல்ல முடியாமல் போனது.

நேற்றும் அம்மா கேட்டார். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்." "சொல்லி என்ன செய்யிறது? அவனும் ஏன் யோசிக்கவேணும்?" என்றேன். "பயமாக்கிடக்கெண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார். ஒரு சொல்லில் முடிக்கக்கூடியதை நான் இத்தனை தாளில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே வா. செவ்வாய்க்கிழமையே வா. புதன் காலை ஏழு மணிக்கு வார்டில் நில். என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருவர்தான் கட்டிலைத் தள்ளுவார். அவர் 'தெ கோர் பிரா' என்று சொல்வார், சொல்லட்டும், அவருக்கும் நிறைய வேலை. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்து வா. அறுவைக் கூடத்துக் கதவு வரை விடுவார்கள், நான் கேட்டுவிட்டேன். அந்தப் பழைய நாடகப் பிரதியிலிருந்து பூங்காவனக் காட்சித் தாளை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். சிவப்பு மைக்குக் கீழே நான்கு வரிகளும் இன்னும் தெரிகின்றன. மின்தூக்கிக்குள் ஏறியதும் அவற்றை எனக்கு வாசி. குரல் உடைந்தால் உடையட்டும், அன்றைக்கு நீ வாசித்ததுதான் சரி.

நான் நடுங்குவேன் தம்பி. தோளைப் பிடித்து நிமிர்த்திவிடாதே.

அப்பா